பன்னிரண்டு இருபத்தைந்து

இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டை போட்ட காகிதம் அது. அச்சு இயந்திரத்தின் பற்கள் அந்த ஓட்டைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். நாடா காய்ந்திருந்தால் எழுத்துகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் நான் எழுத்தராக இருந்தபோது, தினமும் காலையில் அப்படியொரு தாளை அடித்து மேலாளர் மேசையில் வைப்பதுதான் என் முதல் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று அதில் வரிவரியாக இருக்கும். எத்தனையோ தாள்கள் அடித்திருக்கிறேன். ஒரே ஒரு தாள் மட்டும் இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. அதில் மேலிருந்து பதினொன்றாவது வரி. உள்ளே, சனிக்கிழமை 11:48 பி.எம். வெளியே, ஞாயிற்றுக்கிழமை 12:25 ஏ.எம். அந்த வரிக்குரியவரை நாங்கள் ஃபர்னஸ் அண்ணன் என்று கூப்பிடுவோம்.

அந்தத் தாளை நான் மறந்துவிட்டதாகவே இத்தனை ஆண்டுகளும் நடந்துகொண்டேன். அதைத் திரும்ப என் முன்னால் எடுத்துப் போட்டது என் மகள். பொறியியல் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறாள். பூந்தமல்லிப் பக்கம் கல்லூரி, ஆவடியில் எங்கள் வீடு. மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்து வைத்திருக்கும் இடங்களில் கல்லூரி வண்டி நின்றுவிடும். பத்து நிமிடம் தாமதமானாலும் நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். நின்றுகொண்டு அவளுக்குப் போன் செய்யாமலும் இருக்க முடியாது, செய்தால் அவள் எடுத்துத் திட்டாமலும் இருக்க மாட்டாள். அவளைப் பற்றி எனக்குள்ள பயங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வந்த பயம் அவளைப் பற்றியது அல்ல.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"மணி மாத்துற புரோகிராம்பா. லேப் ரெக்கார்டுக்கு. பதினேழு முப்பதுன்னு குடுத்தா அஞ்சு முப்பது பி.எம்.னு சொல்லணும். அவ்ளோதான், ஈஸி. பன்னெண்டுக்கு மேல போனா பன்னெண்டைக் கழிச்சுட்டு பி.எம். போடணும், இல்லன்னா ஏ.எம். போடணும். பாரு, எல்லாம் கரெக்டா வருது."

ஒன்பது பத்து கொடுத்தாள். ஏ.எம். என்றது. பதினேழு முப்பது கொடுத்தாள். ஐந்து முப்பது பி.எம். இருபத்து மூன்று ஐம்பத்தொன்பது கொடுத்தாள். அதுவும் சரி. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் வாய் தானாகவே சொன்னது.

"பன்னெண்டு இருபத்தஞ்சு போட்டுப் பாரு."

போட்டாள். திரையில் 12:25 ஏ.எம். என்று வந்தது.

"ஐயையோ, பகல் பன்னெண்டைப் போய் நடுராத்திரிங்குது!" என்று சிரித்தாள். "பன்னெண்டுக்கு *மேல* போனாத்தானே பி.எம்.னு எழுதியிருக்கேன். பன்னெண்டு மாட்டிக்கிச்சு. எப்படிப்பா கரெக்டா புடிச்ச? உனக்குக் கோடிங்லாம் தெரியுமா?"

கேட்டுக்கொண்டே இரண்டு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள். 12:25 பி.எம். என்று வந்தது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் பால்கனிக்குப் போய்க் கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவை அப்போதுதான் துவைத்துப் போட்ட ஈரத்துணிகள் என்பது என் மனைவி வந்து கையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

அந்தத் தொழிற்சாலையில் நான் சேர்ந்த புதிதில் கேட்டில் ஒரு தடித்த பதிவேடு இருந்தது. செக்யூரிட்டி அதில் பெயரையும் நேரத்தையும் எழுதுவார். பிறகு அட்டை தேய்க்கும் மெஷின் வந்தது, பதிவேட்டை நிறுத்திவிட்டார்கள். மெஷின் நேரத்தை ரயில்வே கணக்கில்தான் சொல்லும். நான்கு மணிக்கு முதல் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களுக்குப் பதினாறு என்று வரும். நோட்டீஸ் போர்டில் தாளை ஒட்டியவுடன் அதன் முன்னால் ஒரு கூட்டம் கூடிவிடும். ஃபர்னஸ் அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"இன்னா தம்பி இது, பதினாறு மணின்னு போட்டுக்கீது? என் கடியாரத்துல பன்னண்டுக்கு மேல நம்பரே இல்லியே. சைடுல எங்கனா எக்ஸ்ட்ரா நம்பரு ஒட்டிக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு மேலாளர் காதுக்கும் போனது. நான் மாலை நேரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன் என்று அவருக்குத் தெரியும். "நீதான் படிச்சிருக்கியே, மாத்திக் குடு" என்றார். இரண்டு நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். என் மகள் எழுதிய அதே விதிதான். பன்னிரண்டுக்கு மேல் போனால் பன்னிரண்டைக் கழித்து பி.எம்., இல்லாவிட்டால் ஏ.எம். எட்டு, பதினாறு, இருபத்து மூன்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. வாழ்க்கையில் நான் எழுதிய முதல் புரோகிராம் அது. மேலாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் ஷிஃப்டுகள் காலை எட்டு, மாலை நான்கு, நள்ளிரவு பன்னிரண்டு. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு வெளியே போகிறவர்களுக்கு மெஷினில் பூஜ்யம் என்று இருக்கும். என் புரோகிராம் அதைத் தொடாமல் 0:07 ஏ.எம். என்று அப்படியே அடித்துவிடும். "ஜீரோ மணிக்கு ஊட்டுக்குப் போறவங்க நாங்க" என்று அவர்கள் கேலி பேசிக்கொண்டார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கோ யாருமே அட்டை தேய்ப்பதில்லை. முதல் ஷிஃப்ட்காரர்கள் எந்திரங்களின் முன்னால் நிற்கும் நேரம் அது.

ஃபர்னஸ் அண்ணன் ஒல்லியான மனிதர். தினமும் உலைக்கதவைத் திறந்து திறந்து அவருடைய புருவ முடிகள் பாதி கருகியிருந்தன. கியர்களைப் பழுக்கக் காய்ச்சி எடுக்கும் அந்த உலை, தொழிற்சாலையின் பின்பக்கம் தனிக் கொட்டகையில் இருந்தது. அதை நினைத்த நேரத்தில் நிறுத்தவோ பற்றவைக்கவோ முடியாது என்பதால் வார விடுமுறையிலும் ஓடும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். மணிக்கு ஒருமுறை உலையின் சூட்டை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். அவருடைய எழுத்து குண்டு குண்டாக, கட்டத்துக்குள் அடங்கி இருக்கும். பேனாவை நூலால் புத்தகத்தோடு கட்டி வைத்திருந்தார். என் மனைவி கருவுற்றிருந்த சமயம், எதைச் சாப்பிட்டாலும் வாந்தி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு கண்ணாடி பாட்டிலில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "எங்கூட்ல போட்டது. ரெண்டு துண்டு நாக்குல வெச்சா வாந்தி நின்னுடும். பாட்டில மட்டும் மறக்காம குத்துடு, அப்பறம் எனக்குச் சோறு கெடைக்காது" என்றார்.

ஒரு சனிக்கிழமை நள்ளிரவு ஷிஃப்டுக்கு அவர் வந்தார். ஞாயிறு விடியற்காலையில் உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டுப்போனது. சூடு எகிறி, உள்ளே இருந்த கியர்கள் எல்லாம் வளைந்துவிட்டன. அவர் எண்ணெய்க் குழாயைக் கையாலேயே மூடி பர்னரை அணைத்திருக்கிறார். உலை ஆறும்வரை அதைத் தனியே விடக்கூடாது என்பது விதி. எட்டு மணிக்கு மாற்றி விட வேண்டியவர் முன்பே லீவு சொல்லியிருந்தார், சூப்பர்வைசர் வேறு ஆளைப் போட மறந்துவிட்டார். ஆபீஸ் பூட்டியிருந்ததால் போன் செய்யவும் வழியில்லை. ஃபர்னஸ் அண்ணன் எட்டு மணிக்கு மேலும் நான்கரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து, உலை ஆறிய பிறகு பகல் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அட்டை தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை நான் அடித்த தாளில் அது 12:25 ஏ.எம். என்று வந்தது. வேலைக்கு வந்து முப்பத்தேழு நிமிடத்தில் போய்விட்டார் என்று அதற்கு அர்த்தம். பொருள் எப்படிக் கெட்டது என்று வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் தாளே போதுமானதாக இருந்தது. ஆள் உலையை விட்டுவிட்டு ஓடிவிட்டார். சூப்பர்வைசர் அதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். அன்று கேட்டில் இருந்த செக்யூரிட்டியை அந்த வாரமே வேறு எங்கோ மாற்றிவிட்டிருந்தார்கள்.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்திருந்தார். ஃபர்னஸ் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தாளை என் கையில் கொடுத்து, "இது உங்க மெஷின்ல வந்ததுதானே? பதினொன்னாவது வரியைப் படிங்க" என்றார் அதிகாரி. படித்தேன்.

"பகல் சார் அது!" என்றார் ஃபர்னஸ் அண்ணன். "வெயிலு மண்டைய பொளக்குது. கேட்டாண்ட வரசொல்ல தாரு உருகி செருப்புல ஒட்டிக்கிச்சு சார். ராத்திரில தாரு உருகுமா? லாக் புக்க பாருங்க சார், மணிக்கு மணி எழுதிக்கிறேன், பன்னண்டு மணி வரிக்கும் கீது."

அதிகாரி லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "கையால எழுதறதை யாரும் எங்க வேணா உக்காந்து எழுதலாம். மெஷின் பொய் சொல்லாது" என்றார்.

ஃபர்னஸ் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

என் கண் அந்தத் தாளிலேயே இருந்தது. பதினொன்றாவது வரிக்கு மேல் பத்தாவது வரி, இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து போன ஒருவருடையது. 0:10 ஏ.எம். அதற்கும் மேலே 0:07 ஏ.எம். நள்ளிரவுக்குப் பிறகு போனவர்களுக்கு எல்லாம் பூஜ்யம். அப்படியென்றால் இவருக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு? ஏதோ ஒன்று உள்ளே குத்தியது. அதை முழுதாக யோசிக்க விடாமல் என் வாய் முந்திக்கொண்டது.

"பேப்பர்ல இருக்கறதுதான் சார்" என்றேன்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு மெஷினில் இருந்த மூலப் பதிவைத் திறந்து பார்த்தேன். 12:25. ரயில்வே கணக்கில் அது பகல். சந்தேகத்துக்கே இடமில்லை. உத்தரவு வருவதற்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. அந்த ஒன்பது நாட்களும் எனக்குத் தெரியும். நான் இன்னும் பணி நிரந்தரம் ஆகாதவன். என் மனைவிக்கு ஐந்தாவது மாதம். முதுகில் தட்டிக்கொடுத்த மேலாளரிடம் போய் என் புரோகிராமே தவறு என்று சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் விசாரணையில் நான் சொன்னதையும் தவறு என்று சொல்ல வேண்டும். தினமும் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒருநாள் துணிந்து கதவைத் தட்டி உள்ளேயே போய்விட்டேன். "என்னப்பா?" என்று நிமிர்ந்தார். "பிரிண்டருக்கு நாடா தீந்துபோச்சு சார்" என்றேன்.

பத்தாம் நாள் உத்தரவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பொறுப்பில்லாமல் பணியிடத்தை விட்டு ஓடியதற்காக நீக்கம் என்று இருந்தது. அதை ஒட்டியது நான்தான், போர்டின் சாவி டைம் ஆபீஸில் இருந்தது. அன்று மாலை நான் புரோகிராமைத் திறந்து இரண்டு வரி சேர்த்தேன். மறுநாளிலிருந்து நள்ளிரவில் போனவர்களுக்கு 12:10 ஏ.எம். என்றும், நண்பகலுக்கு பி.எம். என்றும் சரியாக வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. மெஷினின் நினைவில் நாற்பத்தைந்து நாள் பதிவுதான் நிற்கும், பிறகு பழையது தானாக அழிந்துவிடும். நான் நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறாவது நாள் அந்த 12:25 மெஷினில் இல்லை. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். இருந்தது.

அவர் வீடு திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம். கோப்பில் இருந்த முகவரி எனக்கு மனப்பாடம். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு ரயிலில் போகும்போது அந்த ஸ்டேஷன் வந்தால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு வேறு கம்பெனிக்கு மாறினேன், அதுவும் அம்பத்தூரில்தான், அதே ரயில், அதே ஜன்னல்.

ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். மகளுக்கு மூன்று வயது. திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டுப் பூந்தமல்லி போக ஷேர் ஆட்டோவில் ஏறினோம். வண்டி கிளம்பிய பிறகுதான் கண்ணாடியில் டிரைவரின் கண்களைப் பார்த்தேன். புருவங்கள் முழுதாக வளர்ந்திருந்தன. அதனால்தான் ஏறும்போது அடையாளம் தெரியவில்லை.

"இன்னா டைம் ஆபீஸு, நல்லாகீறியா?" என்றார்.

"நல்லாருக்கேண்ணே."

"அன்னிக்கு வயித்துல இருந்துச்சே, அதுவா இது? உன்னாட்டமே கீது."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அவரிடம், "அண்ணாத்தே, மணி இன்னா ஆவுது? காஞ்சிபுரம் பஸ்ஸு போயிருக்குமா?" என்று கேட்டாள்.

"என்னை ஏம்மா கேக்கற, தம்பியக் கேளு. மணி சொல்றதுல அவரு பெரிய கையி" என்றார் ஃபர்னஸ் அண்ணன். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினொன்னே முக்கால்" என்றேன்.

"பகலா ராத்திரியான்னும் சொல்லிடு தம்பி" என்றார்.

வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. பஸ் நிலையத்தில் இறங்கும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு கணம் எஞ்சினை அணைத்து வைத்திருந்தார். நான் குழந்தையின் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகே நிமிர்ந்தேன்.

ஈரத்துணி மடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, என் மகள் என்னை விடவில்லை. ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று குடைந்தாள். சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, "நான் வயித்துல இருந்தேன்னுதான் சொல்லாம விட்டியா?" என்றாள்.

"ஆமாம்மா. அப்ப வேலை போயிருந்தா..."

"என் மேல போடாதப்பா" என்றாள். "நானா கேட்டேன்?"

என் பயங்களை எல்லாம் அவளுக்காகவே என்று சொல்லித்தான் நான் இத்தனை காலம் வைத்திருந்தேன். அன்று முதல் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

"அவரு எங்க இருக்காரு இப்ப?"

"திருமுல்லைவாயில்ல."

"ரெண்டு ஸ்டேஷன்பா!" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை போறோம். நானும் வரேன். தனியா விட்டா நீ நடுவுல அண்ணனூர்லயே எறங்கித் திரும்பி வந்துடுவ."

அந்த முகவரியில் இப்போது அடுக்குமாடி வந்திருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு சின்ன போர்ஷனைக் காட்டினார்கள். வாசலை ஒட்டி நாற்காலி போட்டு ஒரு அம்மா புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில், முழுப் புருவத்தோடு ஃபர்னஸ் அண்ணனின் படம் இருந்தது. பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?" என்றார் அந்த அம்மா.

"அம்பத்தூர் கம்பெனியில... டைம் ஆபீஸ்ல இருந்தேன்மா."

அவர் ஊசியைப் புடவையிலேயே குத்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நார்த்தங்கா பாட்டிலு" என்றார். "நீதான அது? கடைசி வரிக்கும் பாட்டிலு திரும்பி வரவேல்ல." பிறகு மகளைப் பார்த்து, "இதான் அந்தப் பொண்ணா? வா கண்ணு, குந்து" என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்பு, காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தானாம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புரோகிராமைப் பற்றி, பன்னிரண்டைப் பற்றி, பத்தாவது வரியைப் பற்றி, ஒன்பது நாட்களைப் பற்றி. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொற்கள் எதுவும் வரவில்லை. அந்த அம்மா மறுபடி ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்திருந்தார். நான் முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவருக்குத் தெரியும்பா. வேலய வுட்டுத் தூக்கன அடுத்த மாசமே செகண்ட் சிப்ட்டுக்காரரு ஒருத்தரு ஊட்டுக்கு வந்தாரு. 'இப்பல்லாம் ஜீரோ மணின்னு வர்றதில்லண்ணே, பன்னண்டு பத்துன்னு வருது, எவனோ ரிப்பேர் பண்ட்டான்'னு விளையாட்டாச் சொன்னாரு. அவரு போனப்புறம் இவரு அந்த விசாரணப் பேப்பர வெச்சிகினு ஒரு நா பூரா குந்திகினு இருந்தாரு. அப்பாலதான் எங்கிட்ட சொன்னாரு. 'அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சிபோச்சு, அதான் சரி பண்ணிக்கீது. வரும் பாரு'ன்னாரு."

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நான் சேர்த்த இரண்டு வரிகள், அடுத்த மாதமே அவர் வீட்டு வாசலுக்குப் போயிருந்தன.

"லேபர் ஆபீசுக்கும் போய்ப் பாத்தாரு. மெஷின்ல கீறத எடுத்துகினு வான்னாங்க. மெஷின்ல ஒண்ணுமில்லன்னு கம்பெனில சொல்ட்டாங்க. அதுக்கப்புறமும் வரும் வரும்னு ஒரு வருசம் உன்னை எதிர்பாத்துகினு இருந்தாரு. அப்பால அந்தப் பேச்சே எடுக்கறதில்ல."

"என்னை வந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். கேட்டுவிட்டு, அதைவிட அசிங்கமான ஒரு கேள்வியை வாழ்க்கையில் கேட்டதில்லை என்று தோன்றியது.

"நான் போய்க் கேக்கறேன்னுதான் நின்னேன். அவருதான் வாணாம்னாரு. 'நாம போய்க் கேட்டா இல்லன்னுடும். அதுவா வந்தாத்தான் நெசம்'னாரு."

ஷேர் ஆட்டோவில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்த அந்த ஒரு கணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்து, அதிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். இரண்டு ஓரமும் ஓட்டை. விசாரணையின்போது அவருக்குக் கொடுத்த நகல். மடிப்புகள் பழுப்பேறி, எழுத்துகள் வெளிறியிருந்தன. பதினொன்றாவது வரியை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

"எம்பொண்ணு மாமியார் ஊட்ல இன்னிக்கும், வேலய வுட்டுட்டு ஓடனவன் பொண்ணுதானன்னு சொல்லிக் காட்றாங்க. அவரு போய்ச் சேந்த அன்னிக்கும் அந்தம்மா அதச் சொல்லிச்சு. நீ இப்ப சொன்னத எழுதிக் குடு. அத எடுத்துகினு போய்க் காட்டணும்."

மகள் சட்டென்று, "ஆன்ட்டி, நான் நல்லா டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துத் தரேன். இப்பவே பண்ணலாம்" என்றாள்.

"வாணாம் கண்ணு. மெஷின்ல வந்தத ஒரு தபா பாத்தாச்சு. உங்கப்பன கையால எழுதச் சொல்லு. வேற பேப்பரும் வாணாம். இதும் பின்னாலயே எழுதட்டும்."

மகள் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தையல் துணிகளை ஒதுக்கிவிட்டு ஸ்டூலின் மேல் தாளை வைத்தார் அந்த அம்மா. நான் தரையில் மண்டியிட்டு எழுதினேன். அன்று அவர் வெளியே போனது பகல் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு. தாளில் இரவு என்று வந்தது நான் எழுதிய புரோகிராமின் தவறு. அது எனக்கு உத்தரவு வரும் முன்பே தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. அவர் எங்கும் ஓடவில்லை. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன். வருடக்கணக்கில் படிவங்களிலும் கட்டங்களிலும் எழுதியே பழகிய கை, அந்த வெற்றுத் தாளில் எழுத்து கோணிக்கோணிப் போயிருந்தது.

மகளைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். 'பகல்' என்ற இடத்தில் அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தி, "மறுபடி படி" என்றார். மறுபடி படித்தாள். பிறகு தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்து, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து எண்ணினார்.

"நாலே வரி" என்றார். "இதுக்கா இத்தினி வருசம்?"

அவர் தாளைத் திருப்பினார். நான் அழுத்தி எழுதியதில் என் எழுத்துகள் மறுபக்கம் புடைத்து, அந்த எண்களுக்கு இடையில் இடவலம் மாறித் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் 12:25 ஏ.எம். புள்ளி புள்ளியாக, அடித்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. அவர் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கவருக்குள் வைத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.